நாற்காலி அடுக்கிய குற்றம்

என் அத்தான் பயங்கரவாதி என்று பேப்பரில் முதல் பக்கத்தில் வந்தது. இல்லை என்று அதே பேப்பரில் இரண்டு வருஷம் கழித்து, ஏழாம் பக்கத்தில், வீட்டு மனை விளம்பரத்துக்குக் கீழே வந்தது. முதல் செய்தியைப் படிக்காதவன் ஊரில் கிடையாது. இரண்டாவதைப் படித்தவனை நான் இன்னும் சந்திக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதினால் என்ன ஆகிவிடப் போகிறது என்று யாரும் கேட்க வேண்டாம். என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

அத்தான் என் அக்காவின் கணவர். தொழில், நாற்காலி வாடகைக்கு விடுவது. இளம் வயதில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஊரில் ஒரு தியேட்டரை இழுத்து மூடியபோது, அதன் கேன்டீனில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை எடைக்குப் போடப் போனார்கள். அத்தான் குறுக்கே புகுந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "கல்யாணம் ஆன புதுசுல எல்லாரும் கட்டில் வாங்குவாங்க, இந்த மனுஷன் நாற்காலி வாங்கிட்டு வந்து நிக்கிறார், படுக்கறதா உக்காறதான்னு தெரியல" என்று அக்கா அம்மாவிடம் புலம்பியது எனக்கு நினைவிருக்கிறது. அந்தச் சில நாற்காலிகள் பெருகி நானூறுக்கு மேல் ஆயின.

வீட்டின் முன்னறைதான் கடை. பத்துப் பத்தாக அடுக்கி, கூரை தொட நிற்கும். சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் ஒருக்களித்துத்தான் போக வேண்டும். அவர்களுடைய ஒரே மகள் சுவரைப் பிடித்து நடை பழகவில்லை, நாற்காலி அடுக்கைப் பிடித்துத்தான் பழகினாள். திரும்பி வரும் நாற்காலிகளைக் கொல்லையில் போட்டு அக்கா சோப்புத் தண்ணீரில் கழுவுவாள். வேறு கடை நாற்காலியோடு கலந்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின் முதுகிலும் மஞ்சள் பெயின்டில் ஒரு பொட்டு வைத்ததும் அவள்தான்.

ஊர் அவரை 'நாற்காலி' என்றே கூப்பிட்டது. நாற்காலிக்காக அடித்துக்கொள்ளும் ஆசாமிகள் நிறைந்த ஊரில், அதன் மேல் ஆசையே இல்லாத ஒரே ஆளிடம் நானூறு இருந்தன. அவரும் உட்காரமாட்டார். கடையில் எப்போது போனாலும் நின்றுகொண்டோ, அடுக்கிக்கொண்டோ இருப்பார். நாற்காலி கேட்டு வருகிறவர்களிடம் மூன்றே கேள்விகள்தான் கேட்பார்: எத்தனை, எங்கே, எப்போது எடுத்துக்கொள்ளலாம். எதற்கு என்று கேட்டதே இல்லை. ஒரு தேர்தல் சமயத்தில், காலையில் ஒரு கட்சிக்கும் மாலையில் அதன் எதிர்க்கட்சிக்கும் அதே நாற்காலிகளைப் போட்டார். நான் கிண்டல் செய்தேன்.

"எந்தக் கட்சிக்காரனா இருந்தாலும் பின்பக்கம் ஒரே மாதிரிதான் மச்சான் இருக்கு" என்றார்.

அந்தச் சட்டம் வந்தபோதும் அப்படித்தான். தலைநகரில் ஒரு குண்டு வெடித்து அப்பாவிகள் செத்துப்போன வருஷம் அது. பயங்கரவாதத்தை ஒழிக்கக் கடுமையான சட்டம் என்றார்கள். விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கலாம், ஜாமீன் லேசில் கிடையாது, யாரை வேண்டுமானாலும் பிடிக்கலாம். யாரை வேண்டுமானாலும் என்பதை நாங்கள் எல்லோருமே வேறு யாரையோ என்றுதான் எடுத்துக்கொண்டோம். சட்டத்துக்கு நன்றி சொல்லி மைதானத்தில் ஒரு கூட்டம் நடந்தது. நாற்காலிகள் அத்தானுடையவை. கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டு அவரும் கை தட்டினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். குண்டு வைப்பவனைப் பிடிக்க வேண்டாமா என்ன?

பிறகு எங்கள் ஊர் ஆஸ்பத்திரியை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. புறவழிச்சாலைக்கும் அப்பால், பஸ் கூடச் சரியாகப் போகாத ஒரு பொட்டலில் பெரிய கட்டடம் கட்டிவிட்டார்களாம், எல்லாம் அங்கே போகிறதாம். பிரசவ வார்டுக்கு முதலில் பூட்டுப் போட்டார்கள். அந்த வார்டில் பல வருஷம் வேலை பார்த்த நர்ஸம்மா சும்மா இருக்கவில்லை. என் அக்காவுக்குப் பிரசவம் பார்த்ததும் அவர்தான். குட்டையான உருவம், மைக்கே வேண்டாத குரல். வலியில் கத்துகிற பெண்களை அதட்டியே பழகிய குரல். அந்தக் குரலில் மேலதிகாரிகளையும் அதட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கூட்டம் போட்டுப் பேசுவது என்று முடிவு செய்து, அத்தானிடம் நாற்காலி கேட்டு வந்தார்.

"நூறு வேணும். ஆஸ்பத்திரி வாசல்ல. சாயந்தரம் ஏழு மணிக்கு எடுத்துக்கலாம்" என்று அத்தானின் மூன்று கேள்விகளுக்கும் அவர் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டார். அத்தானுக்கு அதில் ஒரே சந்தோஷம்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மாலையில் அனுமதி ரத்து என்று போலீஸ் சொல்லிவிட்டது. உட்கார்ந்து பேசுவதற்கு என்ன அனுமதி என்று நர்ஸம்மா கேட்டுவிட்டுக் கூட்டத்தை நடத்தினார். அத்தானுக்கு அனுமதி ரத்தானது தெரியும். "அனுமதி பேசறவங்களுக்குத்தானே, நாற்காலிக்கு எதுக்கு" என்றார். கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். எள் போட்டால் எள் விழாத கூட்டம் என்றெல்லாம் இல்லை. நூறு நாற்காலி நிறைந்து, ஓரமாகக் கொஞ்சம் பேர் நின்றார்கள். கைக்குழந்தையோடு வந்த பெண்கள்தான் அதிகம். நர்ஸம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே போலீஸ் வண்டிகள் வந்தன. கலைந்து போகச் சொன்னார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு பாட்டில் வந்து ரோட்டில் விழுந்து உடைந்தது. அதை யார் வீசியது என்று இன்று வரை யாருக்கும் தெரியாது. யாரும் கண்டுபிடிக்க முயன்றதாகவும் தெரியவில்லை. அது விழுந்த சத்தம் அடங்குவதற்குள் தடியடி ஆரம்பமாகிவிட்டது.

எல்லோரும் தலை தெறிக்க ஓடினோம். நானும்தான். ஓடாதவர் ஒரே ஒருவர். சனங்கள் ஓடும்போது நாற்காலிகள் சாய்வதும் மிதிபட்டு உடைவதுமாக இருந்தன. அத்தானின் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. கூட்டம் கலைந்தால் நாற்காலிக்காரன் என்ன செய்வானோ அதையே அவர் செய்தார். கடைசி வரிசையில் தொடங்கி, ஒவ்வொன்றாக எடுத்துப் பத்துப் பத்தாக அடுக்கி, வண்டி வந்து ஏற்ற வசதியாகச் சந்து முனையில் கொண்டுபோய் வரிசையாக வைத்தார். எப்போதும் அங்கேதான் வைப்பார். அன்றைக்கு அந்தச் சந்து வழியாகத்தான் சனம் ஓடியிருந்தது. துரத்தி வந்த போலீஸ் வண்டிக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு நாற்காலிச் சுவர் நின்றது. இறங்கி ஓடி வந்த ஓர் அதிகாரி அடுக்கில் மோதி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

அத்தான் அவரைத் தூக்கிவிடத்தான் போனார். "பாத்து வரக் கூடாதா சார், எல்லாம் சரிஞ்சுபோச்சே" என்று சொன்னாராம். அந்த வாக்கியமும் பிற்பாடு வழக்கில் வந்தது. அன்றிரவே அவரையும் நர்ஸம்மாவையும் இன்னும் சிலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

குற்றப்பத்திரிகையின் மொழியை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். பாதுகாப்புப் படையினரைத் தடுக்கும் நோக்கில் முன்கூட்டியே திட்டமிட்டு அரண் அமைத்தது. பயங்கரவாதச் செயலுக்குப் பொருளுதவி செய்தது. கைப்பற்றப்பட்ட தளவாடங்கள்: பிளாஸ்டிக் நாற்காலிகள். தளவாடம் என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா பீரங்கி ஏதோ பிடித்துவிட்டார்கள் என்று நினைத்துப் பேயறைந்தவள் மாதிரி ஆனாள். சந்து முனையில் இருந்தவற்றோடு நில்லாமல், வீட்டுக்கு வந்து கூரை வரை இருந்த அடுக்குகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அக்கா கல்யாணமாகி வந்த பிறகு முதல்முறையாக முன்னறையில் நேராக நடந்தாள்.

விசாரணையில் மஞ்சள் பொட்டைப் பற்றி ஒரு பகல் முழுக்கக் கேட்டிருக்கிறார்கள்.

"இது எந்த இயக்கத்தோட அடையாளம்?"

"நாற்காலி மாறிடக் கூடாதுன்னு வெச்சதுங்க சார்."

"ஏன் மஞ்சள்?"

"ஜன்னலுக்கு அடிச்சது மிச்சம் இருந்துச்சு."

"யாரோட யோசனை?"

"வீட்டுக்காரியோடதுங்க."

மறுநாள் அக்காவையும் கூப்பிட்டார்கள். காலையில் போனவளைப் பொழுது சாயும்வரை நிற்க வைத்துவிட்டு அனுப்பினார்கள். அந்தப் போலீஸ் நிலைய முற்றத்தில் எங்கள் நாற்காலிகள்தான் கிடந்தன. அதில் காவலர்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்ததை அக்கா நின்றபடியே பார்த்துவிட்டு வந்தாள். தளவாடத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறோமே என்ற பயம் ஒருத்தனுக்கும் இருந்த மாதிரி தெரியவில்லையாம்.

சிறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தான். போனில்தான் பேச வேண்டும். முதல் தடவை பார்க்கப் போனபோது அவர் தன்னைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. "நாற்காலியெல்லாம் வெயில்ல கிடக்கா? பிளாஸ்டிக் வெயில்ல கிடந்தா பொரிஞ்சுடும்மா. தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லு" என்றார். யாரிடம் போய்ச் சொல்வது? அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். வக்கீலைக் கேட்டால் சாதாரண வழக்காக இருந்தால் மறுநாளே வெளியே கொண்டுவந்திருப்பேன் என்பார். இந்தச் சட்டத்தில் குற்றம் செய்யவில்லை என்று நாம்தான் முதலில் நிரூபிக்க வேண்டுமாம். நாற்காலி அடுக்கியது நாற்காலி அடுக்குவதற்காகத்தான் என்பதை எப்படி ஐயா நிரூபிப்பது?

ஊர் வாயை மூடிக்கொண்டது. நான் ஃபேன், மிக்சி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கு வருகிறவர்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "உங்க அத்தான் எப்படி இருக்கார்?" என்று ஃபேனைப் பார்த்துக் கேட்பார்கள். என் முகத்தைப் பார்த்துக் கேட்டவர்கள் குறைவு. அவரை விடுதலை செய் என்று சின்னதாக ஒரு நோட்டீஸ் அடிக்கலாம் என்று அச்சகத்துக்குப் போனேன். அச்சகக்காரர் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். "மெஷின் ரிப்பேர்" என்றார். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு பேருமே அந்தச் சத்தம் கேட்காத மாதிரி கொஞ்ச நேரம் நின்றோம்.

அக்காதான் துணிந்தாள். உள்ளே இருப்பவர்களின் வீட்டுப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு திங்கள்கிழமை தோறும் நீதிமன்றத்துக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். நர்ஸம்மாவின் தாயாரும் வருவார். நாற்காலிக்காரன் பெண்டாட்டிக்கு வாடகைக்கு நாற்காலி தர ஊரில் ஆள் இல்லை. நடைபாதையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தார்கள். கோஷம் போட்டால் அதே சட்டம் பாயும் என்று ஓர் அதிகாரி எச்சரித்தார். கோஷத்தை விட்டார்கள். அட்டை பிடித்தாலும் பாயும் என்றார். அட்டையை விட்டார்கள். பிறகு சும்மா உட்கார்ந்திருந்தவர்களிடம், இப்படிப் பேசாமல் இருப்பதும் ஒரு வகைப் பிரச்சாரம்தான் என்று சொன்னார்.

"அப்ப பேசட்டுமா?" என்று அக்கா கேட்டாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

இரண்டு வருஷம் ஓடியது. ஒருவழியாக விசாரணை தொடங்கிய வாரத்தில், நர்ஸம்மா கூண்டில் நின்று அந்தப் பழைய குரலில் நீதிபதியிடம் சொன்னார்.

"கூட்டத்தைக் கூட்டினது நான். அனுமதி இல்லைன்னு தெரிஞ்சே நடத்தினது நான். அவரு வாடகைக்கு நாற்காலி போட வந்தவரு. என் பேச்சைக் கூட அவரு கேட்கல, நாற்காலியத்தான் எண்ணிட்டு இருந்தாரு. அவரை விட்டுடுங்க."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். அத்தானை விடுவிக்க அந்தப் பேச்சு போதுமாக இருந்தது. நர்ஸம்மாவை உள்ளேயே வைத்திருக்கவும் அதே பேச்சு போதுமாக இருந்தது. குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டுவிட்டாராம். அத்தான் மேல் இருந்த வழக்கை அடுத்த மாதமே கைவிட்டார்கள். தவறு நடந்துவிட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. வெளியே அனுப்பும்போது, மணிக்கட்டு உடைந்த அந்த அதிகாரி அத்தானைத் தனியாகக் கூப்பிட்டு, சொந்தக்காரர் மாதிரி தோளில் கை போட்டுக்கொண்டு பேசினாராம்.

"இனிமே யாருக்குப் போடறோம்னு பாத்துப் போடுங்க. பொண்ணு லேப் டெக்னீஷியன் வேலைக்கு எழுதியிருக்கு போல. நம்ம ஆபீசுக்குத்தான் வெரிஃபிகேஷன் வரும்."

நாற்காலிகள் திரும்பி வந்தன. அவர் பயந்தபடியே பாதி வெயிலில் பொரிந்து, உட்கார்ந்தால் கால் விரியும் நிலையில் இருந்தன. மிச்சத்தை அக்கா கழுவினாள். அத்தான் மறுபடி அடுக்கினார். பழையபடி ஆகிவிடும் என்று நானும் அக்காவும் நம்பினோம்.

ஒரு நாள் நான் அவர் கடையில் இருந்தபோது, பேரனுக்குப் பிறந்தநாள் என்று ஒருவர் இருபது நாற்காலி கேட்டு வந்தார். எத்தனை, எங்கே, எப்போது என்று கேட்ட அத்தான், குரலைத் தாழ்த்தி நாலாவதாக ஒன்று கேட்டார்.

"யாராவது பேசுவாங்களா?"

வந்தவருக்குப் புரியவில்லை. "பிறந்தநாளுங்க" என்றார்.

"அது தெரியுது. மைக் வெச்சு யாராவது பேசுவாங்களான்னு கேட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். அத்தான் சிரிக்கவில்லை. போகப் போக அது தினப்படி ஆகிவிட்டது. கல்யாண வரவேற்பு என்றால் வாழ்த்திப் பேசப் போகிறவர்கள் யார் யார் என்பார். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்கு நாற்காலி இல்லை என்று சொல்லிவிட்டார். தலைமை ஆசிரியை வந்து, தலைப்பு மரம் வளர்ப்பதுதான் என்று கெஞ்சினார். "மரத்தைப் பத்திப் பேசி உள்ள வந்தவங்களையும் நான் பாத்திருக்கேன் டீச்சர்" என்றார். அக்காவின் போனை எடுத்து அவள் யாருக்கு என்ன அனுப்பியிருக்கிறாள் என்று பார்ப்பார். என் கடையில் ரேடியோ செய்தி ஓடினால் உள்ளே வந்து நிறுத்துவார். மூன்று கேள்விக்கு மேல் கேட்காத மனுஷன் ஊரையே விசாரிக்கத் தொடங்கினார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் சொல்ல வாய் வராது.

அக்கா மட்டும் திங்கள்கிழமையை விடவில்லை. "நமக்காக உள்ள இருக்கறவங்களைப் பத்தி நினைச்சா எனக்குச் சோறு இறங்கல" என்பாள். "பொண்ணு வேலைய நினைச்சுப் பாரு" என்பார் அவர். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அந்த வீட்டில் திங்கள்கிழமைகளில் அடுப்பு பற்ற வைக்கும் சத்தம் கூடக் கேட்காது.

போன வருஷம் நர்ஸம்மாவுக்குச் சிறையில் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். பேச்சு மூச்சு இல்லாமல் போன பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது. பழைய ஆஸ்பத்திரி சிறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பூட்டிக் கிடக்க, புறவழிச்சாலை தாண்டிப் புது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. இதை நான் எழுத்துக்காகச் சேர்த்துக்கொண்டேன் என்று நினைப்பவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும்.

மறுநாள் காலையில் நர்ஸம்மாவின் தாயார் கடைக்கு வந்தார். கூட ஆள் யாரும் இல்லை. அக்கா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அங்கே இருந்தேன்.

"தம்பி, உடம்பைக் குடுத்துட்டாங்க. மத்தியானத்துக்குள்ள எடுத்துடணுமாம். வர்றவங்க வெயில்ல நிக்கிறாங்க. ஒரு முப்பது நாற்காலி போடுப்பா" என்றார்.

அத்தான் அடுக்கிய நாற்காலிகளின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கேள்வியை மட்டும் கேட்டுவிடாதீர்கள் அத்தான் என்று என் மனசு அடித்துக்கொண்டது. கேட்டுவிட்டார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அங்க யாராவது பேசுவாங்களா?"

அந்தம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகக் கூட இல்லை. "பேசறதுக்குன்னு எங்க வீட்டுல அவ ஒருத்திதான் இருந்தா" என்றார். "உனக்காகவும் அவதானேப்பா பேசினா."

அத்தான் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை. "எல்லாமே வெளிய போயிருக்கும்மா" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் கூரை வரை நாற்காலிகள் நின்றன. அந்தம்மா அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, "சரிப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். மனுஷனா நீங்கள் என்று கேட்டேன். நன்றி கெட்டவர் என்றேன். அக்கா என்னை அடக்கினாள். நாற்காலிகளில் இரண்டைத் தூக்கினாள். அத்தான் ஓடிவந்து மறுபக்கம் பிடித்துக்கொண்டார். "பொட்டு இருக்கு, பாத்துடுவாங்க, வேணாம், உன்னைக் கும்பிடறேன்" என்றார். அவர் நிஜமாகவே கும்பிட்டார். அக்கா நாற்காலிகளைப் போட்டுவிட்டு வெறும் கையோடு கிளம்பினாள். நான் என் கடையிலிருந்த ஸ்டூல்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். அந்த ஸ்டூல்களில் வயதானவர்கள் நாலு பேர் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் எடுக்கும்வரை வெயிலில் நின்றார்கள். தெருமுனையில் போலீஸ் வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. யாரும் எதுவும் பேசவில்லை. நர்ஸம்மாவின் கையால் பிறந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். அவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை. எனக்கும் எழவில்லை.

மாலையில் அக்காவை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. அத்தான் காலையில் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். சாப்பிட்ட மாதிரி தெரியவில்லை. அழுதிருக்கிறார் என்பது மட்டும் கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. எனக்கு அவர் மேல் இருந்த ஆத்திரம் கொஞ்சம் இறங்கியது. உள்ளே போய் அவரைச் சாப்பிட வைக்கலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் போன் அடித்தது.

அவர் நிமிர்ந்து நின்ற விதத்திலேயே யார் என்று தெரிந்துவிட்டது. மணிக்கட்டு உடைந்த அந்த அதிகாரிதான். போனில் பேசுவது வெளியே கேட்கும் அளவுக்குக் கணீரென்ற குரல்.

"நல்ல முடிவு எடுத்தீங்க. கேள்விப்பட்டேன். புத்தியோட இருக்கீங்க" என்றது அந்தக் குரல். "சரி, ஒரு விஷயம். அடுத்த வாரம் பழைய ஆஸ்பத்திரி வளாகத்துல நம்ம ஆளுங்க விழா ஒண்ணு. பயங்கரவாத எதிர்ப்பு விழிப்புணர்வு. மந்திரி வர்றார். உங்க நாற்காலியே போட்டுடலாம்."

"சரிங்க சார்" என்றார் அத்தான். "எத்தனைங்க சார்? எப்போ எடுத்துக்கலாம்?"

அவரிடம் நாலாவது கேள்வியைக் கேட்கவில்லை. நான் கவனித்தேன். அக்காவும் கவனித்தாள். வீங்கின காலை இழுத்துக்கொண்டு அவர் எதிரே போய் நின்றாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் அவளுக்குப் பொங்கியது.

"கேளுங்க" என்றாள். "யார் பேசுவாங்கன்னு அவன்கிட்டயும் கேளுங்க! பிள்ளையைப் பறிகுடுத்தவகிட்ட கேட்டீங்களே, இப்பக் கேளுங்க! நர்ஸம்மாவைக் கொன்ன..."

அத்தான் பாய்ந்து வந்து ஒரு கையால் அவள் வாயைப் பொத்தினார். இன்னொரு கையில் போன் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவள் மேல் கை ஓங்கியதில்லை, அதட்டியது கூட இல்லை. இப்போது அவளுடைய தலை பின்னால் இருந்த நாற்காலி அடுக்கில் இடிக்கும் அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தார். நான் அவர் கையை இழுத்தேன், வரவில்லை. மூட்டை தூக்கிய கை. அக்கா திமிறவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, கை மட்டும் தளரவே இல்லை.

"யாரு அங்க சத்தம் போடறது?" என்று போன் கேட்டது.

"யாரும் இல்லீங்க சார்" என்றார் அத்தான். "டிவி ஓடுது."